வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு

நெப்ராஸ்காவில் பனி விழும் வெள்ளிக்கிழமைகளில்
மீன் பொரித்து முடிய எட்டரை ஆகிவிடும்.
பிறகுதான் போர் தொடங்கும்.

முன்னாள் படைவீரர் கூடத்தில்
பதினோரு வருடமாக பீர் ஊற்றுகிறேன்.
எந்த உப்புக்குடுவை எந்தக் குன்று
என்பது எனக்கு மனப்பாடம்.
கடுகுச் சாடிதான் மெட்ஸ் கோட்டை.
சிந்திய பீர் எப்போதும் ரைன் நதி,
அதை மட்டும் துடைக்கக் கூடாது.

"முதலாவது டிவிஷன்" என்பார் ஆர்லோ யென்ஸ்காவ்.
ஆப்பிரிக்கா, சிசிலி, நார்மண்டி,
மூன்று கரையிலும் இறங்கியவர்கள். விரல் மடக்குவார்.
"மூன்றாவது" என்பார் டுவேன் ப்ராஷெக்,
அதிகம் செத்தது அவர்கள்தானே என்று
ஏக்கருக்கு எத்தனை மூட்டை சோளம்
எனச் சொல்கிற அதே குரலில்.
எல்டன் ஹ்ரூபிக்கு முப்பத்தைந்தாவது.
அதில் அவர் அண்ணன் இருந்தார்,
பாதி ஊர் இருந்தது.
"சொந்தக்காரனுக்கு ஓட்டுப் போடாதே" என்று
மற்ற இருவரும் மேசையைத் தட்டுவார்கள்.

நாள் கணக்கு, மைல் கணக்கு,
பதக்கக் கணக்கு, பிணக் கணக்கு.
எதை வைத்து அளப்பது என்பதிலேயே
இரண்டு ஜாடி காலி.
மீன் விலை எழுதும் பலகையில்
நான் சாக்பீஸால் கோடு போடுகிறேன்.
இந்தக் குளிர்காலத்தில் இதுவரை
மூன்றாவதுக்கு ஆறு, முதலாவதுக்கு ஐந்து,
முப்பத்தைந்துக்கு, பாவம், இரண்டு.
பசிபிக்கில் இருந்தவர்கள் கோபித்துக்கொண்டு
சீட்டு மேசைக்குப் போய் இரண்டு வருடமாகிறது.

எமில் கோஸிஷெக் ஹீட்டரை ஒட்டி உட்காருவார்.
காற்றாலைப் பம்பு பழுது பார்க்கிறவர்.
முள்ளைத் தவிர எதுவும் மிஞ்சாது அவர் தட்டில்.
ரொட்டித் துகளை
ஈரவிரலால் ஒற்றி ஒற்றி எடுப்பார்.
அவர் டிவிஷனுக்கு ஒரு ஓட்டும் விழுந்ததில்லை.
நூற்றாறாவது. தோளில் தங்கச் சிங்கத்தின் முகம்.
போர்முனைக்குப் போன எட்டே நாளில்
சுற்றி வளைத்துவிட்டார்கள்.
பனிக்குள் இரண்டு ரெஜிமெண்ட் கைதூக்கியது.
மார்பில் புண்ணா முதுகில் புண்ணா என்று கேட்டால்
வயிற்றில் என்பாராயிருக்கும்.
யாரும் கேட்டதில்லை.
கேட்காமலிருப்பதற்கு இங்கே
மரியாதை என்று பெயர்.

நேற்று அந்த மரியாதை தீர்ந்துபோனது.
யாருடைய மருமகனோ, ஊருக்குப் புதிது,
கொடி பிடித்த ஊர்வலம் தவிர
எதிலும் நடந்திராதவன்,
"உங்களுக்கு எது சார்?" என்று கேட்டுவிட்டான்.

முள்கரண்டிகள் நின்றன.

எமில் கோப்பையைப் பார்த்தே சொன்னார்:
"துப்பாக்கியை உடைக்கச் சொன்னார்கள்.
அவன் கையில் கிடைக்கக் கூடாதாம்.
அன்று காலைதான் எண்ணெய் போட்டிருந்தேன்.
மரத்தில் ஓங்கி அடித்தேன்.
கிளையிலிருந்த பனி மொத்தமும்
என் தலைமேல் கொட்டியது.
மூன்றாவது அடியில்தான் கட்டை பிளந்தது.
நல்ல வால்நட் கட்டை."

அவ்வளவுதான் என்று நினைத்தோம்.

"ஏப்ரலில் யாரோ வந்து கேட்டைத் திறந்தார்கள்.
என் ஓட்டு அந்த டிவிஷனுக்கு."

"எது அது?" எல்டன் மெல்லக் கேட்டார்.

"தோளில் சேறு அப்பியிருந்தது.
சேறு இல்லையென்றாலும் பார்த்திருக்க மாட்டேன்.
அவன் கோட்டுப் பை புடைத்திருந்தது.
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

ஒரு நிமிடம் இருக்கும்.
ஆர்லோ இருமினார்.
கடுகுச் சாடியை ஓரமாக நகர்த்தினார்.
"எந்த முகாம், எமில்? ஆற்றுக்கு எந்தப் பக்கம்?"
"ஏப்ரல் என்றால் நாற்பத்து நாலாவது" என்றார் டுவேன்.
"உளறாதே, அது கவசப் படை, ஆறாவது."
"உன் ஆறாவதுக்கு அங்கே என்ன வேலை?"
மிளகுக்குடுவை முகாம் ஆனது.
கடலைகள் டாங்குகளாயின.
எல்டன் ரயில்பாதைக்குப் பல்குச்சி கேட்டார்.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக
எமில் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.
மிளகுக்குடுவையை எடுத்து
அரை விரற்கடை வடக்கே வைத்தார்.
"இங்கே. இந்தப் பக்கம் பள்ளம் இருந்தது."
பிறகு, யாரும் கவனிக்காதபோது,
டாங்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பலகையில் எந்த எண்ணுக்கு நேரே
கோடு போடுவதென்று தெரியாமல்
சாக்பீஸோடு நின்றேன்.
மூடும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.
மேசை விளிம்பிலிருந்து
என் செருப்பின்மேல்
சொட்டிக்கொண்டிருந்தது ரைன்.